பாட்டியின் எண்பதுக்கு ஒரு படம்: வீட்டுக் காணொலிகளைத் தொகுக்க எளிய, செலவில்லாத மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

தைப்பூசம் முடிந்த மறுவாரம் சின்னம்மா பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு சதுர பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். உள்ளே மூன்று விஎச்எஸ் நாடாக்கள், பழைய கேமராவின் மெமரி கார்டு ஒன்று, கண்ணாடியில் விரிசல் விழுந்த கைப்பேசி ஒன்று. பாட்டிக்கு எண்பது நிறையப்போகிறது. விருந்து முடிந்ததும் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அரைமணி நேரப் படம் ஒன்று ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. "எந்த மென்பொருளை வாங்குவது என்று மட்டும் சொல், தம்பி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

காதுகுத்து முதல் கல்யாணம் வரை எங்கள் குடும்பத்துக் காணொலிகளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான்தான் தொகுத்து வருகிறேன். மென்பொருளின் பெயரை முதல் கேள்வியாகக் கேட்கிறவர்களுக்குப் பணமும் நேரமும் வீணாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கையில் என்ன காட்சிகள் இருக்கின்றன, அவற்றை உங்கள் கணினி தாங்குமா, படத்தை யார் எங்கே உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள், தலைப்பில் தமிழ் ஒழுங்காக வருமா என்பவற்றுக்கு முதலில் விடை தேடுங்கள். மென்பொருள் தானாக முடிவாகிவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு அது ஒரு வெள்ளிகூடச் செலவில்லாததாகவே இருக்கும். சின்னம்மாவும் நானும் நான்கு மாலைகளில் செய்த வேலையை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: டின்னில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள். எதில் எடுத்தது, எவ்வளவு நேரம் ஓடும், நெட்டுவாக்கில் எடுத்ததா அகலவாக்கில் எடுத்ததா, கணினியில் திறக்கிறதா. இந்த நான்கும் போதும். சின்னம்மா வீட்டுத் தாளில் 41 வரிகள் வந்தன. அவற்றில் ஒன்பது காட்சிகள் அவருடைய மடிக்கணினியில் திறக்கவே இல்லை. ஒலி மட்டும் கேட்டது, திரை கறுப்பாக நின்றது.

கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்இவிசி என்ற சுருக்க முறையில் காணொலியைப் பதிவு செய்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும் நல்ல முறைதான். ஆனால் விண்டோஸ் கணினிகள் சிலவற்றில் அதற்கான துணைக்கருவி இருக்காது. இனிமேல் எடுக்கும் காட்சிகளுக்கு ஐபோனின் அமைப்புகளில் கேமரா பகுதிக்குப் போய், ஃபார்மட்ஸ் என்பதன் கீழ் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் போட்டு பழைய, பரவலான எச்.264 என்ற சுருக்க முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி மாற்றும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு இத்தனை சட்டகம் (ஃப்ரேம்) என்ற எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். தொகுக்கும்போது பேச்சு ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமுமாக விலகிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சட்டக எண்ணிக்கை சீராகி, பேச்சும் உதடும் ஒன்றாக வரும்.

அடுத்தது வாட்ஸ்அப். உறவினர்கள் அனுப்பும் காட்சிகள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகின்றன, அது காணொலியை நசுக்கி அனுப்புகிறது. கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்த அத்தையின் முகம் 43 அங்குலத் திரையில் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். காணொலியை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் 2 ஜிபி வரையுள்ள கோப்பு நசுங்காமல் அப்படியே வந்து சேரும். சின்னம்மா அன்று இரவே ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் குரல் செய்தி அனுப்பி, பழைய காட்சிகளையெல்லாம் மறுபடி டாக்குமென்டாக வாங்கினார். இந்த ஒரு மாற்றம் படத்துக்குத் தந்த தெளிவை எந்த விலையுயர்ந்த மென்பொருளும் தந்திருக்காது.

இரண்டாம் படி: பழைய நாடாக்கள்

உங்களிடம் நாடாக்கள் இல்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இருந்தால் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே செய்யும் தவற்றைத் திருத்த முடியாது.

பினாங்கின் ஈரக்காற்று நாடாவுக்குப் பகை. பெட்டியின் சிறு கண்ணாடி வழியாக உள்ளே சுருண்டிருக்கும் நாடாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவியதுபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த நாடாவை ஓட்டியில், அதாவது விசிஆர் கருவியில், போடவே கூடாது. பூஞ்சை ஓட்டியின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவிவிடும். சின்னம்மாவின் மூன்று நாடாக்களில் ஒன்றில் அந்த வெள்ளை இருந்தது. அதை மட்டும் தனியாக உறையிலிட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க ஒதுக்கி வைத்தோம். மற்ற இரண்டையும் முதலில் ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டு மறுபடி சுற்றினோம். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகள் அப்போது தளரும்.

நாடா ஓட்டி வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கடைசியாக அவற்றைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி பழைய பொருள் விற்கும் இடங்களில்தான் கிடைக்கும். ஓட்டியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைக் கணினியின் யுஎஸ்பி துளையோடு இணைக்கும் சிறிய பதிவுக் கருவிகள் பினாங்கின் கொம்தாரிலும், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும் இருக்கும் கணினிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இணையக் கடைகளிலும் கிடைக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. கணினியில் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும்.

கருவியை இணைத்ததும் படம் உருண்டாலோ நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, அதன் அமைப்பில் என்டிஎஸ்சி என்று இருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்க, ஜப்பானிய முறை. மலேசியாவில் நாம் பதிவு செய்த நாடாக்கள் பால் முறையில் இருக்கும், நொடிக்கு 25 சட்டகங்கள். பால் என்று மாற்றியதும் சின்னம்மாவின் கல்யாணப் புடவை அரக்குச் சிவப்பாகத் திரையில் விரிந்தது. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

நாடாவை வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய வழி இல்லை. இ-180 என்று எழுதிய நாடா மூன்று மணி நேரம் ஓடும். அதைப் பதிவு செய்யவும் அதே மூன்று மணி நேரம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்குங்கள். பதிவான படத்தில் யாராவது கையை அசைக்கும்போது சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். பழைய தொலைக்காட்சி முறையில் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறிப் பதிவாவதால் வருவது அது. டீஇன்டர்லேஸ் என்ற வசதி அதைச் சரிசெய்யும். நாடா வைத்திருப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் இந்த வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. அதோடு, பழைய படம் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். அகலத் திரையை நிரப்புவதற்காக அதை இழுக்காதீர்கள். இழுத்தால் தாத்தாவின் முகம் தட்டையாகிவிடும். இரு பக்கமும் கறுப்பு விளிம்பு இருப்பதில் குறையொன்றும் இல்லை.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் மாற்றித்தரும் கடைகளில் கொடுக்கலாம். டிவிடியாக வேண்டாம், எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூல நாடாவையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

மூன்றாம் படி: கணினியின் தெம்பு

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். 8 ஜிபி இருந்தால் வீட்டுப் படத்துக்குப் போதும். 4 ஜிபி என்றால் கைப்பேசியிலேயே தொகுப்பது நிம்மதி. 16 ஜிபியும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் எதையும் முயலலாம்.

வட்டில் காலி இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஐபோனில் 1080பி என்ற சாதாரணத் தெளிவில் எடுத்த காணொலி ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி பிடிக்கும். அதைவிடக் கூர்மையான 4கே என்றால் 170 எம்பி, அதாவது ஒரு மணி நேரத்துக்குப் பத்து ஜிபிக்கும் மேல். தொலைக்காட்சியில் குடும்பத்தோடு பார்க்கும் படத்துக்கு 1080பி தாராளம். பேத்தி பாட்டியின் மடியில் தவழ்ந்து ஏறும் காட்சியை 4கேயில் எடுத்ததால் அதன் அருமை கூடிவிடாது. ஆனால் பழைய மடிக்கணினி அந்தக் காட்சியில் நின்று நின்றுதான் நகரும்.

நான்காம் படி: பெயர்கள்

இப்போதுதான் மென்பொருள்களுக்கு வருகிறோம். நான் பயன்படுத்தி, உறவினர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கைப்பேசி மட்டுமே இருப்பவர்களுக்கு விஎன் என்ற செயலியை முதலில் சொல்வேன். இலவசம், படத்தின்மேல் முத்திரை குத்தாது, காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டுவது எளிது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் ஐமூவி இலவசமாகவே கிடைக்கிறது. பைட்டான்ஸ் நிறுவனத்தின் கேப்கட்டை இளையவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். குறுங்காணொலிக்கு அது நன்றாக இருக்கிறது, ஆனால் இலவசமாக இருந்த பல வசதிகள் கட்டணப் பகுதிக்குப் போய்விட்டன. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு படத்தின்மேல் தன் பெயரை வைத்துவிடும். அரைமணி நேரப் படத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் தொகுப்பது கண்ணுக்கும் விரலுக்கும் வதை. ஐந்தாறு நிமிடம் வரை என்றால் கைப்பேசி, அதற்கு மேல் என்றால் கணினி. நான் கடைப்பிடிக்கும் எல்லை இதுதான்.

விண்டோஸில் முன்பு எல்லாரும் பயன்படுத்திய மூவி மேக்கரைப் பலர் இன்னமும் தேடுகிறார்கள். மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் அதைக் கைவிட்டுவிட்டது. அதே பெயரில் இணையத்தில் இப்போது பணம் கேட்பவை மைக்ரோசாப்டினுடையவை அல்ல. அதன் இடத்தில் இன்று இருப்பது கிளிப்சேம்ப். 2021இல் மைக்ரோசாப்ட் வாங்கிய இது, விண்டோஸ் 11 கணினியில் ஏற்கெனவே இருக்கும். முதல்முறை தொகுப்பவர்களுக்கு இதைவிட எளிதான தொடக்கம் இல்லை. காட்சியை இழுத்துப்போட்டு, வேண்டாததை வெட்டி, 1080பி தரத்தில் முத்திரை இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 4கேக்குக் கட்டணம் உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும், இணையமும் வேண்டும்.

நாடா, பழைய கேமரா, கைப்பேசி என்று பலவகைக் காட்சிகளைக் கலப்பவர்களுக்கு என் தேர்வு ஷாட்கட். யாரும் திருத்தி மேம்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிடப்படும் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு, கட்டணம், முத்திரை, காலக்கெடு எதுவும் இல்லை. நான் முன்பு சொன்ன சீப்புப் பல் கோடுகளை இது சரிசெய்யும். கணினி திணறினால் ப்ராக்ஸி என்ற வசதியை இயக்கலாம். தொகுக்கும்போது மட்டும் சிறிய நகல்களை வைத்து ஓட்டி, இறுதிப் படத்தை மூலக் காட்சிகளிலிருந்தே உருவாக்கித் தரும். முதல் நாள் அதன் திரை கொஞ்சம் மிரட்டும். நான்கு பொத்தான்களைப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும்: எஸ் அழுத்தினால் காட்சி இரண்டாகும், எக்ஸ் அழுத்தினால் தேர்ந்தெடுத்த துண்டு போய் இடைவெளியும் மூடிக்கொள்ளும், கண்ட்ரோலோடு இசட் அழுத்தினால் செய்தது மாறிப் பழையபடி ஆகும், கண்ட்ரோலோடு எஸ் சேமிக்கும். சின்னம்மா இவற்றை ஒரு சிறு மஞ்சள் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

ஓப்பன்ஷாட்டும் கேடென்லைவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள்கள். ஓப்பன்ஷாட் இன்னும் எளிது, கேடென்லைவ் இன்னும் ஆழம். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கேடென்லைவைப் பாருங்கள்.

மேக் கணினி இருந்தால் ஐமூவியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். படத்துக்கு இரண்டு அடுக்குகள்தான் தரும், வீட்டுப் படத்துக்கு அதுவே நிறைய. நெட்டுவாக்கில் படம் உருவாக்க மட்டும் அதில் வழி இல்லை.

டாவின்சி ரிசால்வ் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தினுடையது, திரைப்படங்களுக்கு நிறம் சேர்க்கவே பயன்படுவது. இலவசப் பதிப்பே வியப்பூட்டும் அளவுக்கு நிறைவானது. கட்டணப் பதிப்பு 295 அமெரிக்க டாலர், ஒரே முறை செலுத்துவது. ஆனால் அதற்குக் கனத்த கணினி வேண்டும், கற்றுக்கொள்ள வாரங்கள் வேண்டும். தொகுப்பைப் பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்ளப்போகிற பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு பிறந்தநாளுக்காக அதைத் தொடங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உங்கள் சொந்தக் காட்சியில் ஒரு மாலைச் சோதனை

இரண்டு மென்பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரே மாலையில் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்து பாருங்கள். கைப்பேசிக் காட்சி ஒன்று, நாடாக் காட்சி ஒன்று, புகைப்படம் ஒன்று. அவற்றை வெட்டிச் சேர்த்து, ஒலியைக் குறைத்து, தமிழில் ஒரு தலைப்பு வைத்து, இரண்டு நிமிடப் படமாக வெளியே எடுத்துத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பாருங்கள்.

வெளியே எடுப்பது வரை செய்வதுதான் சோதனை. பல ஆண்டுகளுக்கு முன் என் அத்தை மகள் திருமணப் படத்தை ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஆறு இரவு உட்கார்ந்து தொகுத்தேன். வரவேற்புக்கு முந்தைய இரவு படத்தை எடுத்தபோது, மணமக்கள் முகத்தின் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் பெரிதாக விழுந்திருந்தது. அதை நீக்கக் கேட்ட பணத்தை அந்த நேரத்தில் கட்டுவதைத் தவிர வழியில்லை. தொகுக்கும்போது காட்டாமல் கடைசிப் படியில் முத்திரை குத்தும் மென்பொருள்கள் உண்டு. இரண்டு நிமிடப் படத்திலேயே அது தெரிந்துவிடும்.

அடுத்து, தமிழ் எழுத்து. ஆங்கில வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை, நமக்கோ இதுதான் தலையாய சோதனை. தலைப்புப் பெட்டியில் இந்தச் சொற்களை அடித்துப் பாருங்கள்: தைப்பூசம், கொம்தார், கோலாலம்பூர், செபராங் பிறை, சித்ராபௌர்ணமி, ஸ்ரீ. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய இடத்தில் பின்னால் போய் நின்றால், 'கொ' உடைந்து ஒரு கொம்பும் காலும் தனித்தனியே தொங்கினால், 'ஸ்ரீ' சேராமல் சிதறினால், அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். பாட்டியின் பெயரையே பிழையாக்கிக் காட்டும் மென்பொருளில் பாட்டிக்குப் படம் செய்யக் கூடாது.

எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், ஒரு மாற்றுவழி எப்போதும் கைகொடுக்கும். பவர்பாயிண்டிலோ லிபர் ஆபிஸிலோ தலைப்பை அடித்து, பிஎன்ஜி படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காட்சியாக இழுத்துப் போடுங்கள். எந்த மென்பொருளும் படத்திலுள்ள எழுத்தைக் கலைக்க முடியாது. விண்டோஸில் நிர்மலா எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. மேக்கில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. அந்த எம்என் என்பது நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை 1985இல் தொடங்கிய அதே முத்து நெடுமாறனின் கைவண்ணம்தான் உலகம் முழுவதும் ஆப்பிள் கருவிகளில் தமிழாக ஒளிர்கிறது. கைப்பேசியில் தட்டச்சு செய்ய அவருடைய செல்லினம் இருக்கிறது. இதைச் சொன்னபோது சின்னம்மா உடனே அதைத் தரவிறக்கிக்கொண்டார்.

பழைய அழைப்பிதழ் கோப்பிலிருந்து பெயர்களை வெட்டி ஒட்டுபவர்கள் கவனியுங்கள். அச்சகங்கள் பலகாலம் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் இல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்தி வந்தன. அவற்றை ஒட்டினால் பொருளற்ற ரோமன் குறிகள் வரும். கையால் மறுபடி அடிப்பதே விரைவு.

ஆறாம் படி: காசு கொடுப்பது எப்போது?

தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஆதரவு மையம் வேண்டும், ஆயத்தத் தலைப்புகள் நிறைய வேண்டும் என்றால் கட்டண மென்பொருள் நியாயமே. அடோபியின் பிரீமியர் எலிமென்ட்ஸ் வீட்டுப் பயனருக்கென்றே செய்தது. முன்பு ஒருமுறை வாங்கினால் என்றென்றும் என்று இருந்தது, 2025 பதிப்பிலிருந்து மூன்று ஆண்டு உரிமமாகிவிட்டது. பவர்டைரக்டர், ஃபில்மோரா போன்றவையும் இருக்கின்றன. மாதச் சந்தாவில் சேர்வதானால் ஒரு மாதம் மட்டும் கட்டி, படத்தை முடித்து, அன்றே ரத்து செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு படம் எடுக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு மாதச் சந்தா தேவையில்லை.

கணினி பழுதுபார்க்கும் இடங்களில் விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டுடைத்த நகலைப் போட்டுத்தருவதாகச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு, உள்ளே வேவுநிரல் இருந்தால் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் போய்விடும். இலவச மென்பொருளையும் அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே தரவிறக்குங்கள்.

ஏழாம் படி: தொகுப்பு

மூலக் காட்சிகள், புகைப்படங்கள், பாட்டு எல்லாவற்றையும் முதலில் ஒரே கோப்புறையில் போடுங்கள். பிறகு அவற்றை இடம் மாற்றாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். நீங்கள் சேமிக்கும் திட்டக் கோப்புக்குள் காட்சிகள் இருப்பதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. திட்டக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனவர்கள் காலியான திரையைப் பார்த்துக் கலங்குவது இதனால்தான்.

நாடாவின் 25 சட்டகமும் கைப்பேசியின் 30 சட்டகமும் கலந்தால் அசைவு லேசாகத் துள்ளும். எந்தக் காட்சி அதிகமோ அதன் எண்ணிக்கையைத் திட்டத்துக்கு வையுங்கள்.

மற்றபடி வெட்டுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: பேச்சு இருக்கும் இடத்தில் கை வைக்காதே, கூட்டத்தைக் காட்டும் இடத்தில் தயங்காதே. தண்ணீர்மலைப் படிகளில் காவடி ஏறும் காட்சி 14 நிமிடம் இருந்தது, அதை ஒன்றரை நிமிடமாக்கினோம். சமையலறையில் பாட்டி மருமகளிடம் புளி கரைக்கும் பக்குவத்தைச் சொல்லும் இரண்டு நிமிடத்தில் ஒரு நொடியும் குறைக்கவில்லை. கேமரா ஆடியிருந்தது, வெளிச்சம் போதவில்லை, இருந்தும் வீட்டில் எல்லாரும் அந்த இடத்தைத்தான் திரும்ப ஓட்டச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒலியில் ஒரு சங்கடம் உண்டு. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த காட்சியில் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு இரைச்சலாகிவிடும். அதை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஒலியை நன்றாகத் தணித்து, அதன்மேல் யாராவது பேசும்படி வைப்பதே நல்லது. நாங்கள் பாட்டியையே பேசவைத்தோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மேசைமேல் மடித்த துண்டின்மேல் வைத்து, 'அந்தக் காலத்தில் தேர் எப்படி வரும்?' என்று மட்டும் கேட்டோம். பதினொரு நிமிடம் பேசினார். ஷாட்கட்டில் நார்மலைஸ் என்ற வடிகட்டி இருக்கிறது. வெவ்வேறு இடத்தில் பதிந்த குரல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர அது போதும்.

திரைப்பாடல்களைப் பின்னணியில் வைக்க எல்லாருக்கும் ஆசை. படத்தை யூடியூபில் ஏற்றினால், நீங்கள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாலும், அதன் கன்டென்ட் ஐடி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். சில வேளைகளில் படமே முடக்கப்படும். யூடியூபின் ஆடியோ நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது. அதைவிட, உங்கள் வீட்டுக் காட்சியிலேயே பதிந்திருக்கும் பேச்சும் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் இருக்கட்டும் என்பேன்.

எட்டாம் படி: வெளியே எடுப்பதும் பார்ப்பதும்

எம்பி4 கோப்பு, எச்.264, 1080பி. இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடும். தரத்தை முடிவு செய்வது பிட்ரேட் என்ற எண். நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரப் படம் 3.6 ஜிபி வரும். 10 மெகாபிட் என்றால் 4.5 ஜிபி. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பழைய பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை எழுத முடியாது. விருந்து நாளன்று பென்டிரைவ் கோப்பை ஏற்க மறுத்து, உள்ளே 20 ஜிபி காலியாக இருப்பதைப் பார்த்து யாரும் திகைக்க வேண்டாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதைப் படிக்காது. விருந்து நடக்கும் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே முந்தைய நாள் ஓட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு யூடியூபில், இணைப்பு கிடைத்தவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் முறையில் ஏற்றி இணைப்பை அனுப்பலாம். கணக்கைத் தொலைபேசி எண்ணால் சரிபார்க்காவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட படத்தை ஏற்ற முடியாது. அதை இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: எடுத்து வைப்பது

இறுதிப் படம் மட்டும் போதாது. மூலக் காட்சிகள் இருக்கும் கோப்புறை முழுவதையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த வட்டை வேறு வீட்டில் வையுங்கள். சின்னம்மாவின் நகல் ஒன்று பிறையில், ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில். நாடாக்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் நிமிர்த்தி வைத்தோம். பூஞ்சை பிடித்த அந்த மூன்றாவது நாடா மட்டும் இன்னும் உறையில் காத்திருக்கிறது.

கோப்புறைக்குள் ஒரு எழுத்துக் கோப்பையும் போடுங்கள். எந்த நிமிடத்தில் யார் வருகிறார்கள், எந்த வீடு, எந்த ஆண்டு என்று அதில் எழுதுங்கள். முதல் நாடாவில் வாசலில் நின்று சிரிக்கும் நீலச் சட்டைக்காரர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டியிடம் திரையை நிறுத்திக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கிட்டே வந்து பார்த்து, தாத்தாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர் என்று பெயரைச் சொன்னார். சின்னம்மா அதை உடனே கோப்பில் அடித்துச் சேமித்தார்.